மேசைக்கு இந்தப் பக்கம்

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன். பன்விலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அவரைத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு வீட்டுப் பிள்ளைக்குத் தலை சரியில்லை என்று அங்கே ஒருமுறை பேச்சு வந்துவிட்டால், அந்த வீட்டின் அடுத்த கலியாணப் பேச்சு வரைக்கும் அது கூடவே வரும். நானும் என் மகளும் எங்களுக்குள் அவரைப் பன்விலம்மா என்று சொல்வோம். நேரில் நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னை டீச்சர் என்றார். வயதில் என்னைவிடச் சின்னவர் என்று பிறகுதான் தெரிந்தது. மலையில் கொழுந்து பறித்துப் பறித்து ஆள் அப்படி ஆகிப்போயிருந்தார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாராவது ஒருவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து எப்படி என்று கேட்டால், அவர் வாயிலிருந்து “நல்லாருக்குங்க” என்பதைத் தவிர வேறு எதுவும் வராது. டொக்டரோ, கிராம சேவகரோ, தபால் கந்தோர் ஐயாவோ, யாராக இருந்தாலும் சரி, நடுவில் ஒரு மேசை இருந்தால் போதும். சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, லேசாகக் குனிந்து, முகத்தில் ஒரு சிரிப்பும் வைத்துக்கொண்டு “நல்லாருக்குங்க” என்பார். அதே மனுசி வெளியே வந்து என் பக்கத்தில் வாங்குப் பலகையில் உட்கார்ந்தால் உள்ளே இருப்பதெல்லாம் கொட்டும். மகன் ராத்திரி முழுக்க நடப்பது, சோற்றை மோந்து பார்த்துவிட்டு நஞ்சு என்று தள்ளிவிடுவது, சுவரோடு பேசுவது. 

ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வெளியே இருந்த தேத்தண்ணிக் கடைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். குடித்து முடித்து எழும்பும்போது, வாசல் மேசையில் காசு வாங்கிக்கொண்டிருந்த முதலாளி சும்மா ஒரு பேச்சுக்கு, “தேத்தண்ணி எப்படி அம்மா?” என்று கேட்டார். “ரொம்ப நல்லாருந்துச்சுங்க” என்றார் இவர். தெருவில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்த பிறகு என் காதருகே வந்து, “ஈ கெடந்துச்சு டீச்சர்” என்றார். நான் நடுத்தெருவில் நின்று சிரித்தேன். அவரும் சிரித்தார். அவர் பற்கள் அவ்வளவு அழகு என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். மகன் மட்டும் சிரிக்காமல் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நாங்கள் சந்தித்தது கண்டியில் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியின் பிள்ளைகளுக்கான மனநலக் கிளினிக்கில். என் மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருஷம் அறைக் கதவைப் பூட்டிக்கொள்ளத் தொடங்கினாள். குண்டசாலையில் எங்கள் வீட்டில் அந்தக் கதவுக்கு முன்னால் நானும் அவரும் (அவர் என்றால் என் கணவர்) மாறி மாறி நின்று கெஞ்சியிருக்கிறோம், கத்தியிருக்கிறோம், ஜெபமாலை சொல்லியிருக்கிறோம். பங்குத் தந்தையிடம் போனோம். பள்ளிக்கூடத்தில் கவுன்சலிங்குக்கு என்று ஒரு மிஸ் இருந்தார். அவர் கணக்குப் பாடமும் எடுத்தார், நடனக் குழுவையும் பார்த்தார், பிள்ளையின் மனதைப் பார்க்க அவருக்கு நேரம் இருக்கவில்லை. தனியார் ஆஸ்பத்திரியில் நேரம் பதிந்து, காசு கட்டி ஒரு டொக்டரைச் சனல் பண்ணினோம். தமிழ் தெரிந்தவர். நல்லவர்தான், ஆனால் எப்போதாவது ஒரு சனிக்கிழமை வருவார், வந்தால் பதினைந்து பேரை ஒரு மணித்தியாலத்தில் பார்த்துவிட்டுப் போவார். கடைசியில் அரசாங்கக் கிளினிக்குக்கு வந்து சேர்ந்தோம். அங்கே எங்களுக்கு முன்பே வந்து, சுவரோரமாய், மகனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்தான் பன்விலம்மா.

மகனுக்கு அப்போது பதினேழு இருக்கும். உயரமான பிள்ளை, காலர் பட்டன் வரைக்கும் பூட்டிய சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. அம்மாதான் வாரிவிடுவார். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கண்டியில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போயிருக்கிறான். தீபாவளிக்கு முந்திய நெரிசலில் ஒருநாள் கடையிலிருந்து நடந்தே வீட்டுக்கு வந்தவன் பிறகு திரும்பிப் போகவில்லை. யாரோ தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றான். அதற்குப் பிறகு பேச்சே குறைந்துவிட்டது. நினைத்த நேரத்தில் எழும்பி நடக்கத் தொடங்கிவிடுவான். கூப்பிட்டால் ஓடுவான் என்று தெரிந்து, அவர் கூப்பிடாமல் பின்னாலேயே போவார். ஒருமுறை வத்தேகம தாண்டியும் போயிருக்கிறார்கள். மகன் களைத்து ஒரு மதகில் உட்கார்ந்த பிறகுதான் கிட்டப் போய், “வீட்டுக்குப் போவமா சாமி?” என்று கேட்டாராம். அவன் ஒன்றும் சொல்லாமல் எழும்பி வந்தானாம்.

“நான் பின்னால வாறது அவனுக்குத் தெரியும் டீச்சர்” என்றார் என்னிடம். “வளைவுல நான் கண்ணுக்குத் தெரியலன்னா கொஞ்சம் மெதுவா நடப்பான்.”

இதையெல்லாம் டொக்டரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஏதோ கூடாத வார்த்தை பேசிவிட்டேன் போல இருந்தது.

டொக்டர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சின்ன வயசுக்காரர், கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது, வரிசை தாழ்வாரத்தின் கடைசி வரைக்கும் நிற்கும். பிள்ளை உள்ளே போனதும் “கொஹொமத அம்மே? ஹொந்தாய் நேத?” என்பார். சிங்களத்தில் எப்படி அம்மா, நல்லம்தானே என்று அர்த்தம். கேள்வியிலேயே பதிலையும் வைத்துக் கொடுத்தால் பன்விலம்மா வேறு என்ன செய்வார்? “ஹொந்தாய் சேர்” என்பார். டொக்டருக்குத் தமிழில் சாப்பாடு, தூக்கம் என்ற சொற்கள் தெரியும். “சாப்பாடு?” ஹொந்தாய். “தூக்கம்?” ஹொந்தாய். மகன் மேசையின் மூலையைப் பார்த்துக்கொண்டிருப்பான். தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருவர் முன்பு அங்கே இருந்தாராம். அவரை வேறு வார்ட்டுக்கு மாற்றியிருந்தார்கள். நல்லாயிருக்கிற பிள்ளையை அடிக்கடி கூப்பிடத் தேவையில்லை என்று, அடுத்த தவணையை டொக்டர் தள்ளித் தள்ளிப் போட்டார். மாத்திரையும் ஒருமுறை குறைந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. வகுப்பு நிறையப் பிள்ளைகளை அதட்டிப் பழகிய வாய் என்னுடையது. “ஏன் அக்கா இப்படிச் செய்றீங்க? உங்க புள்ளைக்கு மருந்து குடுக்கத்தானே அவர் அங்க உக்காந்திருக்காரு?” என்று வாங்கிலேயே சத்தம் போட்டேன். அவர் கோபிக்கவில்லை. தன் தகப்பனைப் பற்றிச் சொன்னார்.

இவர் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் குடியிருந்த லயத்து வீட்டுக் கூரை ஒழுகியிருக்கிறது. புதிதாக வந்த தோட்டத்துத் தொரை ஆபிஸ் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து, என்ன குறை இருந்தாலும் பயப்படாமல் சொல்லுங்கள் என்று எல்லோரையும் கூப்பிட்டிருக்கிறார். வரிசையில் நின்ற எல்லோரும் நல்லாயிருக்குங்க தொரை என்று சொல்லிக்கொண்டே போக, இவருடைய தகப்பன் மட்டும் கூரை ஒழுகுது, மழைக்குப் புள்ளைங்க உக்காந்தே தூங்குதுங்க என்று சொல்லியிருக்கிறார். தொரை நல்ல முகத்தோடுதான் கேட்டுக்கொண்டார். அடுத்த கிழமையிலிருந்து தகப்பனுக்குத் தோட்டத்தின் கடைசி மலையில் வேலை. கொஞ்சம் பிந்திப் போனாலும் அரைப் பேர்தான் போட்டார்கள், அதாவது அரை நாள் சம்பளம்தான். கூரை அப்படியே ஒழுகியது. பக்கத்து லயத்துக்காரர்கள்கூட அவரோடு பேசப் பயந்தார்கள்.

“கொற சொல்லுன்னு அவுங்கதான் கேப்பாங்க டீச்சர். சொன்னமுன்னா அது நம்ம மேலதான் திரும்பும்.”

“இது தொரை இல்ல அக்கா. டொக்டர்.”

“மேச மேசதானுங்களே.”

 எங்கள் பாட்டன் பூட்டனும் தோட்டத்திலிருந்து வந்தவர்கள்தான். படித்து, டவுனுக்கு வந்து, சிங்களமும் இங்கிலீசும் பேசப் பழகி, மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரவும் பழகிவிட்டதால் எனக்கு அந்தப் பயம் விட்டுப்போயிற்று. அவருக்கு விடவில்லை.

இதில் என்னைக் கொல்லும் விஷயம் ஒன்று இருக்கிறது. தோட்டத்து ஆட்கள் சொன்னார்கள் என்று மடவளைக்கு அந்தப் பக்கம் மந்திரிக்கிற ஒருவரிடம் மகனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். அந்த ஆள் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து, இவரையும் பாயில் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, என்ன நடந்தது தாயே என்று கேட்டிருக்கிறார். பன்விலம்மா பொழுது சாயும் வரைக்கும் அழுது அழுது சொல்லியிருக்கிறார். கடையிலிருந்து நடந்து வந்த நாள், கேட்கும் குரல்கள், தள்ளிய சோறு, ஒன்று விடாமல் எல்லாம். அந்த ஆள் நூல் கட்டி, எலுமிச்சம்பழம் வெட்டி, பிள்ளையின் நெற்றியில் சாம்பலைப் பூசி அனுப்பினார். மகனின் நோய் வருத்தம் என்னவென்று முழுசாகத் தெரிந்த ஆள் அந்த மந்திரக்காரர்தான். மருந்து தெரிந்த டொக்டருக்கு ஒன்றும் தெரியாது. இதை நினைத்து நான் எத்தனையோ நாள் சமையலறையில் நின்று அழுதிருக்கிறேன்.

ஒரு கிளினிக் நாளில் அவரை உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன். நான்தான் டொக்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், சொல்லுங்கள் பார்ப்போம் என்றேன். அழகாகச் சொன்னார். “சேர், மகன் தூங்குறதில்லீங்க, சாப்பாட்டுல நஞ்சு இருக்குங்கிறான், ரோட்டுல எறங்கி நடந்துர்றான், பயமா இருக்குங்க.” சிங்களத்திலும் சொல்லிக் கொடுத்தேன். அதையும் பிடித்துக்கொண்டார். என் மகள்கூடத் தலையை நிமிர்த்தி, “சரியாச் சொல்றாங்க அம்மா” என்றாள். நம்பர் வந்தது. மகனைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். வெளியே வரும்போது முகத்தில் அதே சிரிப்பு. எனக்கு விளங்கிவிட்டது.

“என்ன சொன்னீங்க?”

“அவரு சிரிச்சுக்கிட்டே கேட்டாருங்க டீச்சர். மொகமெல்லாம் வாடிப்போயி இருந்தாரு. சாப்புடல போல. எப்புடிங்க அவருகிட்டப் போயி...”

 அடுத்த தவணைக்கு, நர்ஸிடம் சண்டை பிடித்து, நானும் அவரோடு உள்ளே போனேன். மகனை என் மகளோடு வாங்கில் இருக்கச் சொன்னேன். எல்லாவற்றையும் நானே சிங்களத்தில் சொன்னேன். டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். கடைசியில் பன்விலம்மாவைப் பார்த்து, இதெல்லாம் உண்மையா அம்மா என்று கேட்டார். பன்விலம்மா என்னைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். “டீச்சருக்கு எங்க மேல பாசமுங்க சேர். கொஞ்சம் கூட்டிச் சொல்றாங்க” என்றார். நான் மொழிபெயர்க்கவில்லை. வாயில் வந்ததை அடக்கிக்கொண்டு, ஆமாம் என்கிறார் என்று டொக்டரிடம் சொன்னேன்.

டொக்டர் நம்பினார். வார்ட்டில் வைத்துப் பார்க்க வேண்டிய பிள்ளை என்றார். மாத்திரையைக் கூட்டினார். எங்கேயோ போன் பண்ணிக் கேட்டுவிட்டு, கட்டில் இல்லை, வருகிற கிழமை கட்டாயம் வாருங்கள், நான் ஏற்பாடு செய்கிறேன் என்றார். பஸ்ஸுக்கு நடக்கும்போது பன்விலம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.  “ஒண்ணும் நடக்காதுங்களே டீச்சர்? புள்ளைய ஒண்ணும் செஞ்சிர மாட்டாங்களே?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஒன்றும் நடக்காது, இனி எல்லாம் சரியாகும் என்று நான் சொன்னேன். உண்மையாகவே அப்படித்தான் நம்பினேன்.

அடுத்த கிழமை போனால் அந்த டொக்டர் இல்லை. வெளிநாட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். நாடு காசில்லாமல் நின்ற அந்தக் காலத்தில் எல்லோரும்தான் போனார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பாடத்துக்கே ஆள் இல்லாமல் போனது. வந்திருந்த புது டொக்டரம்மாவுக்குக் கட்டிலைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. நான் உள்ளே வரக் கூடாது என்று நர்ஸ் கதவை மறித்துக்கொண்டார். பெற்றோர் மட்டும்தான். கதவு இடுக்கில் எனக்குக் கேட்டது. “கொஹொமத அம்மே?” “ஹொந்தாய் மிஸ்.”

அதற்குப் பிறகு ஒரு மழை மாதத்தில், காலையில் அவர் மலைக்குப் போயிருந்த நேரம், மகன் நடக்கத் தொடங்கினான். வீட்டில் யாரும் இல்லை. கணவர் கொழும்பில் ஒரு கட்டட வேலையில் இருந்தார். மூத்த மகள் கலியாணம் முடித்து வேறு தோட்டத்தில். பின்னால் போக அன்றைக்கு ஆள் இல்லை.

பகலில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தவர் வீடு திறந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறார். வழக்கமாக அவன் போகும் பாதையெல்லாம் ஓடியிருக்கிறார். பொழுது சாயும் நேரத்தில், நனைந்த சேலையோடு, தனியாகப் பொலிஸுக்குப் போயிருக்கிறார். மேசைக்குப் பின்னால் சார்ஜன்ட் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் தமிழ் தெரிந்தவர். பிள்ளைக்கு ஏதும் வருத்தம் இருக்கிறதா, தலை சரியில்லையா என்று சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்.

“இல்லீங்க சேர். நல்ல புள்ளைங்க. எந்தக் கொறையும் இல்லீங்க” என்றிருக்கிறார் பன்விலம்மா.

அப்படியானால் இந்த வயதில் கொழும்புக்குக் கடை வேலைக்கு ஓடியிருப்பான், இல்லாவிட்டால் எவளோடாவது போயிருப்பான், காசு முடிந்தால் தானாக வருவான், பயப்படாமல் வீட்டுக்குப் போங்கள் என்று சார்ஜன்ட் ஆறுதல் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவரும் “சரிங்க சேர்” என்று வந்துவிட்டார்.

எனக்குப் போன் வந்தது மூன்றாம் நாள். “டீச்சர், புள்ளையக் காணோம்” என்று மட்டும் சொன்னார். பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு ஓடினேன். பொலிஸில் போய் நின்று, அவன் வருத்தக்காரப் பிள்ளை, மருந்து எடுக்கிறவன், யாரோடும் பேசத் தெரியாதவன், தேடுங்கள் என்று கத்தினேன். சார்ஜன்ட் மேசையில் கையை ஊன்றி எழும்பினார். “தாயே சொன்னா ஒண்ணும் இல்லைன்னு. நான் கேட்டன்தானே?” என்று பன்விலம்மாவைப் பார்த்தார். சார்ஜன்ட் முகத்தில் கோபம்கூட இல்லை. பயம்தான் இருந்தது. பன்விலம்மா தலையைக் குனிந்துகொண்டார். படத்தை வாங்கிக்கொண்டு மற்ற ஸ்டேஷன்களுக்கு அறிவித்தார்கள். ஆனால் அதற்குள் மழை மூன்று நாள் பெய்திருந்தது.

நாங்களும் தேடினோம். குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஒவ்வொரு பஸ்ஸாக ஏறிப் படத்தைக் காட்டினோம். மார்க்கெட்டில், புகையிரத நிலையத்தில், வாவியைச் சுற்றி, அவன் வேலை செய்த துணிக்கடையில். என் கணவர் லீவு போட்டுவிட்டு மகியங்கனைப் பாதையில் ஆட்டோக்காரர்களைக் கேட்டுக்கொண்டே போனார். திகனையில் ஒருவர் பார்த்தேன் என்றார், காலர் பட்டன் பூட்டியிருந்ததா என்று கேட்டால் யோசித்துவிட்டு இல்லை என்றார். எனக்கு உலகத்தின் மேலேயே கோபம் வந்தது. கேட்டால் சொல்லியிருக்க வேண்டியதுதானே என்று பன்விலம்மாவைக் குலுக்க வேண்டும் போலவும் இருந்தது. ஆனால் அவர் நடந்த நடையைப் பார்த்தவர்களுக்கு அது முடியாது. பாதையின் ஒவ்வொரு வளைவிலும் நின்று, முன்னால் பார்ப்பதை விட்டுவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார். என்ன அக்கா என்று கேட்டேன். “மெதுவா வருவான்னு” என்றார்.

அவன் கிடைக்கவில்லை. உயிரோடும் கிடைக்கவில்லை, மற்றபடியும் கிடைக்கவில்லை. அழுது முடிக்கவும் விடாத ஒரு நிலைமை அது. தோட்டத்தில் ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். கொழும்பில் பார்த்தோம் என்றார்கள், கடல் கடந்து போய்விட்டான் என்றும் சொன்னார்கள். பிறகு பேச்சு நின்றுவிட்டது.

நான் கடைசியாக அவரைப் பார்த்தது அதற்கு அடுத்த வருஷம், அதே கிளினிக் வாங்கில். என் மகளுக்கு வயது கூடியதால் பெரியவர்களின் கிளினிக்குக்கு மாற்றப்போகிறார்கள், அதுதான் எங்களுக்கு அங்கே கடைசித் தவணை. மகளைப் பற்றிக் கேட்காதீர்கள். சில நாள் கதவு திறக்கும், சில நாள் திறக்காது. அன்றைக்குத் திறந்திருந்தது, அவ்வளவுதான். சுவரோரமாய்ப் பன்விலம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். மடியில் மாத்திரைப் பை. மருந்து எடுத்துவிட்டு பஸ்ஸுக்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை வராவிட்டாலும் தாய் வந்து மருந்து வாங்கிப்போகலாம். அங்கே அது வழக்கம்தான்.

“வரலன்னா பேர வெட்டிருவாங்களே டீச்சர். அவன் வந்து நிக்கிற அன்னைக்கி மாத்திர இல்லாமப் போயிரக் கூடாதுங்களே.”

ஒவ்வொரு தவணைக்கும் வருகிறாராம். பிள்ளை நேரில் வராததால் அவன் பேரைப் பெரியவர்களின் கிளினிக்குக்கு இன்னும் மாற்றவில்லையாம். டொக்டரம்மா மாறி இன்னொருவர் வந்திருக்கிறாராம். என் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. மெதுவாகத்தான் கேட்டேன்.

“உள்ளுக்கு என்ன சொல்றீங்க அக்கா?”

“கேப்பாங்க, மகன் எப்புடின்னு. நல்லாருக்கானுங்க, வேலைக்குப் போயிருக்கான், அதான் வரலன்னு சொல்வேன். சாப்புடுறானான்னு கேப்பாங்க. நல்லா சாப்புடுறானுங்கன்னு சொல்வேன். தூங்குறானுங்க. என்னோட பேசுறானுங்கன்னு சொல்வேன்.” மாத்திரைப் பையை நீவிவிட்டுக்கொண்டார். “தோட்டத்துல அவன் பேரையே யாரும் எடுக்கிறதில்ல டீச்சர். அவுங்க அப்பாவும் எடுக்கிறதில்ல. எப்புடி இருக்கான்னு கேக்கிறது இங்க மட்டுந்தான். அந்தக் கொஞ்ச நேரம் அவன் நல்லாத்தான் இருக்கான்.”

 மகளுடைய நம்பரைக் கூப்பிட்டார்கள். நான் எழும்பினேன். மகள் எழும்பவில்லை. வெளி ஆட்களோடு பேசி மாதக்கணக்காகிவிட்ட பிள்ளை, பன்விலம்மாவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“ஆன்டி, அண்ணா இன்னைக்குக் காலையில என்ன சாப்பிட்டாங்க?”

 உள்ளேயிருந்து நம்பரை மறுபடியும் கூப்பிட்டார்கள். என் மகள் அசையாமல் காத்துக்கொண்டிருந்தாள்.

“ரொட்டி சுட்டேன் மகளே” என்றார். “சம்பலுக்கு ஒறைப்பு பத்தலன்னான். நாளைக்குக் கூடப் போடுறேன்னு சொல்லிட்டு வந்தேன்.”